நீல பைலில் பதினேழாம் பக்கம்

பெப்ரவரி 12, திங்கள்

கம்பஸ் தொடங்கி இன்றோடு ஒரு வாரம். என் மேசையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் விரிவுரை, பிறகு கேள்வித்தாளோடு டியூட்டோரியல் என்று ஒரு வகுப்பு, அதற்குப் பிறகு செய்முறை. எல்லாத் தாளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒழுங்கு பண்ணினேன்.

விரிவுரைக்கு நீல பைல். டியூட்டோரியலுக்குச் சிவப்பு. செய்முறைக்குப் பச்சை. ஒவ்வொரு பைலிலும் பாடத்துக்கு ஒரு மட்டை வைத்துப் பிரித்திருக்கிறேன். வகுப்பில் எழுதுவது சி.ஆர். கொப்பி என்னும் தடித்த நோட்டில், அது வெறும் கிறுக்கலுக்கு. அறைக்கு வந்து நல்ல தாளில் திருப்பி எழுதிப் பக்க எண் போட்டு பைலில் சேர்ப்பது. தலைப்புக்குச் சிவப்புப் பேனை, உபதலைப்புக்குப் பச்சை, மற்றதெல்லாம் நீலம். அடிக்கோடு அடிமட்டம் வைத்துத்தான். நீலமும் சிவப்பும் ஒருபோதும் கலக்கக் கூடாது. இந்த நாட்குறிப்பும் இன்றிலிருந்து ஒழுங்காக எழுதப்படும்.

என் அறைத்தோழி ஜெனிற்றா, மன்னார்ப் பிள்ளை, கட்டிலில் சப்பாணி கட்டிக்கொண்டு முழு நேரமும் என்னை வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு எல்லாப் பாடத்துக்கும் ஒரே கொப்பி. அதுவும் சில பக்கங்கள் தலைகீழாக.

"என்னடி இது? எது எங்க கிடக்கெண்டு உனக்குத் தெரியுமே?"

"எனக்குத் தெரியும். உனக்கு ஏன் தெரியோணும்?"

இவளோடு நான்கு வருடம்.

பெப்ரவரி 15, வியாழன்

விரிவுரைகள் முழுக்க ஆங்கிலம். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வந்தால் முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும். விரிவுரை எடுக்கும் சேர்மார் வாயைத் திறந்தால் மூடும் வரைக்கும் நான் ஒரு சொல் விடாமல் எழுதிவிடுகிறேன். எழுதி வைத்தால் பிறகு விளங்கும்.

ஜெனிற்றா அப்படி இல்லை. பாதி நேரம் பேனையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்று மண்ணியல் விரிவுரையில் நகுலேஸ்வரன் சேரை இடைமறித்து, அரைவாசி ஆங்கிலமும் அரைவாசி தமிழுமாக ஒரு கேள்வி கேட்டாள். அறுபத்து நான்கு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சேர் பதில் சொன்னார். எனக்குத்தான் பக்கத்தில் இருக்கக் கூச்சமாக இருந்தது.

உடுப்புத் தோய்த்தேன். வெள்ளை பிளவுசில் சிவப்புப் பேனை மை பட்டிருக்கிறது, போகவில்லை.

பெப்ரவரி 26, திங்கள்

இன்று ஒரு விசயம் நடந்தது. எங்கள் பட்ச்சின் பிரதிநிதி கபிலாஷ் நூலகத்தில் என் மேசைக்கு வந்தான். நீல பைலைத் திறந்து வைத்திருந்தேன். நின்ற நிலையிலேயே ஆறு பக்கம் புரட்டினான்.

"தர்மிகா, இது நீர் எழுதினதோ? அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு. ஒருக்கா போட்டோகொப்பி அடிச்சிட்டுத் தரட்டோ?"

"கசக்காமல் தந்தால் சரி."

பின்னேரம் நானே அவனோடு கம்பஸ் வாசலில் உள்ள போட்டோகொப்பிக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பட்ச்சிலும் யாராவது ஒருவருடைய நோட்ஸின் ஒரு பிரதி கடையிலேயே இருக்கும். யார் வந்து கேட்டாலும் கடைக்காரர் தயாளன் அண்ணை அதை எடுத்து அடித்துக் கொடுப்பார். எங்களுக்கு மேல் பட்ச்சுக்கு யாரோ ஒரு அண்ணாவுடையது. எங்கள் பட்ச்சுக்கு இனி என்னுடையது. தயாளன் அண்ணை மட்டையில் "முதலாம் வருடம் – தர்மிகா" என்று தடித்த பேனையால் எழுதி, தட்டில் நிமிர்த்தி வைத்தார். கிழமைக்கு ஒருமுறை புதுப் பக்கங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"பிள்ளை, பிழையிருந்தா நீர்தான் வந்து மாத்தோணும். எனக்கு உது ஒண்டும் விளங்காது," என்றார்.

"பிழை வராது அண்ணை."

மார்ச் 5, செவ்வாய்

மண்ணியல் பதினேழாம் பக்கம் எழுதி முடித்தேன். இதுவரை எழுதியதில் மிக அழகான பக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மண்ணின் அடர்த்தியை எப்படிக் கணக்கிடுவது என்பது பாடம். வகுப்பில் சேர் வேகமாகப் போனார். கிறுக்கல் கொப்பியைப் பார்த்தால் ஒரே குழப்பம். இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி மண்ணை எடுக்கச் சொல்கிறார், நிறுக்கச் சொல்கிறார், உலர்த்தும் அடுப்பில் ஒரு நாள் வைக்கச் சொல்கிறார், திரும்பவும் நிறுக்கச் சொல்கிறார், வளையத்தின் கனவளவால் பிரிக்கச் சொல்கிறார். சேருக்குச் சொன்னதையே திருப்பிச் சொல்லும் பழக்கம் உண்டு. ஒருமுறை நிறுத்தால் போதாதா? நான் அதை ஒழுங்குபடுத்தி நான்கு படிகளாக்கினேன்: மண்ணை எடுத்தல், நிறுத்தல், கனவளவால் பிரித்தல், கடைசியாக மண்ணை உலர்த்தி வைத்தல். நான்கும் நான்கு பெட்டிக்குள், பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. ஆங்கில வசனங்களும் என் சொந்த வசனங்கள்.

ஜெனிற்றா எட்டிப் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு," என்றாள். அவள் ஒன்றை வடிவு என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 13, புதன்

பதினேழாம் பக்கம் வரைக்கும் ஐம்பத்து மூன்று பேர் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தயாளன் அண்ணை எண்ணிச் சொன்னார். அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

மார்ச் 28, வியாழன்

நாளைக்குப் பெரிய வெள்ளி, விடுமுறை. அதனால் நேற்றே முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஜெனிற்றாவும் ஈஸ்டருக்கு மன்னாருக்குப் போய்விட்டாள். இன்றைய மண்ணியல் டியூட்டோரியலில் பதினொரு பேர். சேருக்கு முகம் சரியில்லை. ஆனாலும் ஒரு கணக்கை எடுத்து முழுதாகச் செய்து காட்டினார். எழுதி, சிவப்பு பைலில் போட்டேன்.

ஹொஸ்டல் வெறிச்சென்று கிடக்கிறது. ஜெனிற்றாவின் கட்டிலில் ஈரத் துவாய். எடுத்து விரித்துப் போட்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

ஜெனிற்றா வந்துவிட்டாள். அவளுடைய அம்மா செய்த கேக் கொண்டுவந்தாள், நன்றாக இருந்தது.

மத்தியானம் கன்ரீனில் எட்டுப் பேர் ஒரு மேசையில் இருந்தோம். அடுத்த செவ்வாய் மண்ணியல் பரீட்சை, இந்தப் பாடத்தின் பாதி மதிப்பெண் அதற்குத்தான். எல்லோரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். கபிலாஷ் சொன்னான்: "தர்மிகான்ர நோட்ஸ் இல்லாட்டி நாங்கள் முடிஞ்சம்."

ஜெனிற்றா சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னாள்: "அவள் போட்டோகொப்பி மெஷின் எல்லோ. ஒரு எழுத்துப் பிசகாது. ஆனா உள்ளுக்கை என்ன போகுதெண்டு மெஷினுக்குத் தெரியுமே?"

எல்லோரும் சிரித்தார்கள். கபிலாஷுக்குப் புரைக்கேறியது. நானும் சிரித்தேன். பகிடிதானே.

பின்னேரம் அலுமாரியை முழுதாக இறக்கி அடுக்கினேன். பகிடிதான். அவள் யாரைத்தான் விட்டுவைத்தாள்?

ஏப்ரல் 3, புதன்

பரீட்சைக்குப் படிக்கிறேன். இன்று முதல் தடவையாக நீல பைலையும் சிவப்பு பைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மண் அடர்த்திக் கணக்கு இரண்டிலும் ஒன்றாக இல்லை.

டியூட்டோரியலில் சேர் செய்த கணக்கில் மண் முதலில் 165 கிராம். காய வைத்த பிறகு 130. அவர் 130ஐ எடுத்துத்தான் பிரித்திருக்கிறார். என் பதினேழாம் பக்கப்படி பார்த்தால் 165ஐப் பிரிக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு சட்டென்று விளங்கியது. அந்த முப்பத்தைந்து கிராம் மண் இல்லை, தண்ணீர். காய வைத்தால் அது போய்விடும், மிஞ்சுவதுதான் மண். அதனால்தான் இரண்டு தரம் நிறுக்கச் சொன்னார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. நான்தான் விளங்காமல் காய வைப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

யாரும் சொல்லித்தராமல் நானாக விளங்கிக்கொண்டேன். இங்கே வந்து இப்படி ஒன்று நடந்தது இதுதான் முதல் தடவை. எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். அவ்வளவு சந்தோசம்.

புதிய பதினேழாம் பக்கம் எழுதியாயிற்று. நாளைக்குக் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும். வட்ஸப் குழுவிலும் போட வேண்டும்.

ஏப்ரல் 4, வியாழன்

மழை. கடைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

கடைக்குப் போனேன். நல்ல சனம். பச்சைப் பேனை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கம் பைக்குள் இருந்தது. தயாளன் அண்ணைக்கு மூச்சு விட நேரமில்லை, அந்த நேரத்தில் போய் அதை மாற்றுங்கள் இதை மாற்றுங்கள் என்று நிற்கக் கூடாது.

போனில் சார்ஜ் இல்லை.

ஏப்ரல் 6, சனி

ஜெனிற்றா காலையிலிருந்து கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு என் நோட்ஸைப் படிக்கிறாள். சத்தம் போட்டுத்தான் படிப்பாள். பதினொரு மணி போல நிறுத்தினாள்.

"தர்மி, இந்தப் பதினேழாம் பக்கத்தில ஏன்டி கடைசியாக் காய வைக்கிறம்? நிறுத்து முடிஞ்சு, கணக்கும் முடிஞ்சு. பேந்து காய வைச்சு என்ன பிரயோசனம்?"

"சேர் அப்பிடித்தான் சொன்னவர்."

"அப்பிடியே சொன்னவர்?"

"நான் ஒரு எழுத்துப் பிசகாமல்தானே எழுதிறனான்."

அவள் பக்கத்தை இன்னொருமுறை வாசித்தாள். பிறகு, "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு நான்கு படிகளையும் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கினாள்.

தேநீர் ஊற்றினேன். சீனி முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வாங்க வேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பரீட்சை. மூன்றாம் கேள்வி அதுதான். சரியாக எழுதினேன்.

ஏப்ரல் 15, திங்கள்

வீட்டில். வருடப்பிறப்பு முடிந்து இன்னும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அப்பா வந்தவர்களிடமெல்லாம் என் நோட்ஸைப் பற்றிச் சொல்கிறார். "இவவின்ர கொப்பியைப் பார்த்துத்தான் முழுக் கம்பஸும் படிக்குது." முழுக் கம்பஸும் இல்லை, ஒரு பட்ச்தான் என்றேன். சிறிய மாமி கையைப் பிடித்துப் பார்த்து, "எழுதி எழுதி விரல் காய்ச்சுப்போச்சு பிள்ளைக்கு," என்றா. எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நகுலேஸ்வரன் சேர் விரிவுரை எடுக்கவில்லை. விடைத்தாள் கட்டை மேசையில் வைத்துவிட்டு ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் பேசினார். அவர் தமிழில் பேசி நாங்கள் கேட்டதில்லை. சத்தம் போடவும் இல்லை.

"மூண்டாம் கேள்விக்கு நாப்பத்தேழு பேர் பிழையா எழுதியிருக்கிறீங்கள். பிழை விடலாம், அது பிரச்சினையில்லை. ஆனா நாப்பத்தேழு பேரும் ஒரே பிழை. நாலு வசனம், நாலும் சொல்லுக்குச் சொல் ஒண்டு. அப்பிடி நான் படிப்பிக்கேல்லை. எந்தப் புத்தகத்திலயும் இல்லை. அப்ப ஒருத்தர் எழுத மற்ற ஆக்கள் பார்த்திருக்கிறீங்கள். இதைத் தவிர வேற என்னெண்டு நான் விளங்கிறது?"

பிறகு விடைத்தாள்களை எங்களிடம் பார்க்கக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பீடாதிபதிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாராம். பரீட்சையில் பார்த்து எழுதியது உறுதியானால் பூச்சியம். பாதி மதிப்பெண் போனால் இந்தப் பாடத்தில் தப்ப முடியாது, முதலாம் வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். பெற்றோருக்கும் கடிதம் போகும்.

போகும்போது, "தர்மிகா ஆர்?" என்று கேட்டார். எழுந்தேன். "முழுப் புள்ளியும். நல்லா விளங்கி எழுதியிருக்கிறீர்," என்றார்.

இந்த ஒரு வசனத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். ஜெனிற்றா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கையில் அவளுடைய விடைத்தாள், மூன்றாம் கேள்விக்குக் குறுக்கே ஒரு நீளக் கோடு.

ஏப்ரல் 26, வெள்ளி

பின்னேரம் பட்ச் கூட்டம். ஆளாளுக்குக் கத்தினார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்று பட்டியல் போட்டார்கள். சிலர் சண்டைக்குப் போய்விட்டார்கள். நோட்ஸ் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது பிழையாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தர்மிகாவின் நோட்ஸ் எப்படிப் பிழைக்கும்?

அறைக்கு வந்து ஜெனிற்றா ஊருக்குப் போன் எடுத்தாள். அவளுடைய அப்பா மீனவர், அந்த வீட்டில் கம்பஸுக்கு வந்த முதல் ஆள் இவள். கடிதம் போவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

"நான் ஒருத்தற்ற பேப்பரையும் பார்க்கேல்லை அப்பா. மாதா மேல சத்தியமாப் பார்க்கேல்லை." பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். "ஓமப்பா. ஓம். எனக்கும் விளங்கேல்லை அப்பா."

நான் பைல்களைத் தூசு தட்டினேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

சேரிடம் போனேன். நீல பைல், சிவப்பு பைல், கிறுக்கல் கொப்பி மூன்றையும் கொண்டுபோனேன்.

பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பெட்டிகளையும் படித்தார். அந்த நான்கு வசனங்களும் அங்கே இருந்தன. பிறகு கிறுக்கல் கொப்பியைப் பார்த்தார். அதில் அவர் சொன்னபடியே, இரண்டு தரம் நிறுப்பதாக.

"வகுப்பில சரியா எழுதிப்போட்டு, அறைக்குப் போய்ப் பிழையாக்கியிருக்கிறீர்."

"ஒழுங்குபடுத்தினனான் சேர்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பயந்துபோய் நிற்கிறேன், அவர் சிரிக்கிறார்.

"இதைத்தான் எல்லாரும் கடையில அடிச்சுப் படிச்சவையோ?"

"ஓம் சேர். ஒருத்தரும் பார்த்தெழுதேல்லை. என்ர பக்கத்தைப் பாடமாக்கினவை, அவ்வளவுதான்."

"சரி. அப்ப நீர் மட்டும் எப்பிடிச் சரியா எழுதினனீர்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன்.

"டியூட்டோரியலுக்கு வந்தனான் சேர். பேந்து படிக்கேக்கை கண்டனான். கடைசி நேரம். கடையில மாத்த மறந்து போச்சு."

அவர் பைல்களை மூடி என் பக்கம் தள்ளினார். "வந்து சொன்னது பெரிய விசயம்," என்றார். பீடாதிபதிக்கு எழுதப் போவதில்லை. மே பதினான்காம் திகதி எல்லோருக்கும் புதிதாகப் பரீட்சை, என் முழுப் புள்ளியும் சேர்த்து இரத்து. நான் சம்மதம் என்றேன்.

மே 2, வியாழன்

கபிலாஷ் வட்ஸப் குழுவில் எழுதியிருக்கிறான்: "தன்ர முழுப் புள்ளியையும் விட்டிட்டு எங்களைக் காப்பாத்தின தர்மிகாவுக்கு நன்றி." கீழே நாற்பது ஐம்பது கைகூப்பல். கன்ரீனில் யாரோ எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜெனிற்றா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம், அவர் என்னை விசாரித்தாராம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அண்டைக்கு மெஷின் எண்டு சொன்னதுக்குக் கோவமோடி? நான் சும்மா பகிடிக்குச் சொன்னது. பேந்துதான் யோசிச்சன், சொல்லியிருக்கக் கூடாது."

"சீ, அதை நான் எப்பவோ மறந்திட்டன்."

இது எனக்கு இந்தக் கிழமையில் இரண்டாவது மறதி. இந்த வசனத்தை எழுதிவிட்டு நெடுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஏப்ரல் மூன்றாம் திகதியிலிருந்து இந்த நாட்குறிப்பை நான் திருப்பிப் படித்ததில்லை. இன்று படித்தேன். மழை, சனம், சார்ஜ் இல்லை, சீனி இல்லை. யாரை ஏமாற்ற இப்படி எழுதினேன்? இதை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

நான் மறக்கவில்லை. மெஷினுக்கு விளங்கும் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. எனக்கு மட்டும் விளங்கியிருந்தால்தான் அதைக் காட்ட முடியும். அவ்வளவுதான் விசயம்.

மே 7, செவ்வாய்

யாராவது ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை இங்கே குப்பி என்கிறார்கள். மண்ணியலுக்கு நான் குப்பி எடுக்க வேண்டும் என்று கபிலாஷ் சொல்லிவிட்டான். மூன்று மணிக்கு பழைய விரிவுரை மண்டபம். ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஜெனிற்றா முன் வரிசை வாங்கில் இருந்தாள்.

கணக்கை எழுதினேன். 165, 130. ஏன் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும் என்று தமிழில் சொன்னேன். ஜெனிற்றா, "ஆ, அதுதானே!" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெண்கட்டியைக் கீழே வைத்தேன்.

"நான் ஒண்டு சொல்லோணும். நான் மறக்கேல்லை. சோதினைக்கு முதல் புதன்கிழமையே பிழையைக் கண்டிட்டன். புதுப் பக்கமும் எழுதினனான். கடை மட்டும் கொண்டுபோனனான். குடுக்கேல்லை."

ஒருவருக்கும் விளங்கவில்லை போல. கபிலாஷ் கேட்டான்: "ஏன்?"

"நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிச்சனீங்கள். அதுக்கு."

சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்குக் கேட்டது. பின் வாங்கில் ஒருவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். சிலர் எழுந்து போனார்கள். கபிலாஷ் கரும்பலகையைக் காட்டி, "சரி. நாலாம் கேள்வியையும் சொல்லிப்போட்டுப் போம். சோதினை இருக்கு," என்றான். நீர் என்று சொல்லும் அதே மரியாதைதான். ஆனால் குரல் வேறு.

ஜெனிற்றா இருந்த இடத்திலேயே இருந்தாள். நான் நான்காம் கேள்வியைச் செய்து முடிக்கும் வரைக்கும் எழுதினாள். பிறகு என்னிடம் வந்து, மெதுவாகத்தான் கேட்டாள்:

"சனிக்கிழமை நான் உன்னட்டக் கேட்டனான். ஏன் கடைசியாக் காய வைக்கிறமெண்டு. அப்ப உனக்குத் தெரியும்."

"ஓம்."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மே 8, புதன்

அறையில் ஒரு சொல் இல்லை. அவள் என் தேநீரைத் தொடவில்லை. தனக்குத் தானே ஊற்றிக்கொண்டாள்.

மே 9, வியாழன்

காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. பின்னேரம் மண்ணியல் டியூட்டோரியல் இருந்தது, பரீட்சைக்கு முன் கடைசி வகுப்பு. முழு பட்ச்சுக்கும் முன்னால், சேருக்கும் முன்னால், அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "அந்தப் பிள்ளை தகப்பனோட கதைச்ச அண்டைக்குச் சாப்பிட்டிச்சோ?" என்று மட்டும் கேட்டா. எனக்குத் தெரியவில்லை.

மே 12, ஞாயிறு

நான்கு மணிக்கு ஹொஸ்டலுக்கு வந்தேன். ஜெனிற்றா பூசைக்குப் போயிருந்தாள். என் மேசையில் என் அடிமட்டம் வைத்துப் பறக்காமல் அமர்த்தப்பட்ட ஒரு தாள் கிடந்தது. அவளுடைய கொப்பியிலிருந்து கிழித்தது, ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அவளுடைய எழுத்தை ஒருவராலும் வாசிக்க முடியாது, இதை மட்டும் எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதியிருந்தாள்.

"வியாழன் டியூட்டோரியலில சேர் ரெண்டு விசயம் சொன்னவர். ஒண்டு, வளையத்தின்ர கனவளவுக்கு உள்விட்டத்தைத்தான் எடுக்கோணும். உன்ர நீல பைலில இருபத்தோராம் பக்கத்தில வெளிவிட்டமெண்டு கிடக்கு, மாத்து. கடையில கிடந்ததை நான் மாத்திப்போட்டன். ரெண்டு, செவ்வாய்க்கிழமை சோதினை ஒன்பது மணிக்கில்லை, எட்டு மணிக்கு.

சொல்லாமல் விடுவமெண்டுதான் மூண்டு நாளா இருந்தனான். ஏலேல்லை."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே அழுதேன்.

அவளுக்கு ஏலவில்லை. எனக்கு ஆறு நாள் ஏலுமாயிருந்தது.